உப்புக் கடலை நான் அள்ளிய காலை

முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற குடும்பங்களுக்குப் போய், அந்தப் பிள்ளைகளோடு இலையும் மண்ணும் சிப்பியும் வைத்து வேலை செய்யக் கிளம்பியிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது! போன வாரம் நீங்கள் நாலு பேரும் என்னைப் பார்க்க வந்தபோது ஆளுக்கொரு பை தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பிரஷ் என்ன, பசை என்ன, மினுக்குத்தூள் என்ன! “அண்ணாச்சி, இன்னும் என்னென்ன வாங்கணும்?” என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஒன்றும் வாங்க வேண்டாம். அந்த வீட்டு அடுக்களையில் இருப்பதும் வாசலில் உதிர்ந்து கிடப்பதும் போதும். முருங்கை இலை மேல் வெள்ளைத் துணியைப் போட்டுக் கல்லால் தட்டினால் இலையே படமாகத் துணியில் இறங்கிவிடும். ஈர மணலில் நண்டு ஓடிய தடத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால், அந்த நண்டு எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது என்பது வரைக்கும் கையில் வந்துவிடும். சாமான் இல்லாமல் நான் எந்த வீட்டிலும் கெட்டதில்லை. கெட்டது என் கையால்தான்.

நான் எட்டாவதோடு நின்றவன். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதிப் பிழைத்தவன். ஒரு நாள் படகு பார்க்க வந்த ஒரு அம்மாவின் இரண்டு பிள்ளைகள் என் பெயிண்ட் டப்பா பக்கம் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. “ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு வருவியளா?” என்றார் அந்த அம்மா. போனேன். அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து இன்னொன்று என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. முட்டி மாடி ஏற மாட்டேன் என்ற பிறகுதான் நிறுத்தினேன்.

எனக்குப் படிப்பு எல்லாம் ஊரார் வாய்தான். யாராவது மனதில் தைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. அதில் மேலாக வைத்திருக்கிற தாளில் மூன்றே வார்த்தை. அதைச் சொன்னவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் பெயர் பெனிட்டா. அம்மா ஷீபா. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மாடி வீடு. அப்பா கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். பள்ளிக்குப் போன காலத்தில் தினமும் காலையில் பிள்ளைக்கு வயிற்று வலி வருமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதாம். ஏழு வயதில் ஷீபா அவளை நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்ல ஆரம்பித்தாள். வலி போய்விட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. நான் ஒரு மணி நேரம் இருந்தால் ஆறு வார்த்தை கிடைக்கும், அதுவும் “மாமா, தண்ணி வேணுமா” போன்றவை. ஆனால் பார்வை இருக்கிறதே! எறும்பு வரிசையை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “மூணாவது எறும்பு ஏமாத்துது, ஒண்ணும் தூக்கல” என்பாள். அதையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டுப் படிப்பு ஒருவருக்குப் பிடிக்கவில்லை. பெனிட்டாவின் அப்பாவுக்கு அண்ணன், நாசரேத்துப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்த தம்பியைப் போனில் பிடித்துப் பேசிவிட்டார். தம்பியும் பயந்து ஷீபாவிடம் சொல்லிவிட்டார்: “அண்ணன் ஐப்பசில வந்து பாக்கட்டும். புள்ள ஏதோ கத்துருக்கான்னு அவன் சொன்னா வீட்லயே இருக்கட்டும். இல்லன்னா கிறிஸ்மஸ் முடிஞ்சதும் அவன் ஊரு ஹாஸ்டல்ல சேத்துருவோம்.”

ஷீபா என்னிடம் சொன்னபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது; அவள் கவனிக்கவில்லை. “இப்பத்தான் ரெண்டு வார்த்தை பேசுதா அண்ணாச்சி. அங்க போய்ட்டான்னா அந்த ரெண்டும் போயிரும்.”

எனக்கு உடனே சூடு ஏறிவிட்டது. “பெரியப்பா அசந்துபோற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுவோம்! என்ன செய்வோம் பெனிட்டா?” என்றேன். அவள் ஜன்னல் வழியாகத் தூரத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “நம்ம கரைய உப்புல போடலாமா?”

எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. உப்பிலேயே பிறந்த ஊரை உப்பில் போடுவது! பன்னிரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை!

அடுத்த வாரமே மூன்று பேரும் பஸ் ஏறி, கரையோரமாக வடக்கே வேம்பார் போனோம். புரட்டாசிக் கடைசி. மழை வருமுன் கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். அளத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, பெயர் கேட்கத் தவறிவிட்டேன், எங்களைக் கூப்பிட்டு இரண்டு உப்பைக் காட்டினார். ஒன்று போன வருடம் குவித்து, மழையிலும் வெயிலிலும் கிடந்த பழைய உப்பு. மங்கலாக, சாதுவாக இருந்தது. இன்னொன்று அன்று காலையில் வாரியது. அடடா, கண்ணாடிச் சில்லு போல வெயிலில் எரிந்தது!

“கடலுக்கு இதுதான்!” என்று நான் புது உப்பில் கையை விட்டேன்.

“புதுச நம்பாதிய அண்ணாச்சி,” என்றார் அந்த அம்மா. “காயவச்சாலும் மேகம் கறுத்துச்சுன்னா அழ ஆரம்பிச்சிரும். பழசக் கொண்டு போங்க.”

“நாங்க என்ன ஊறுகாயா போடப் போறோம்? படந்தான போடுதோம்.”

“அப்பச் சரி. படம் அழுதா எங்கிட்ட வந்து நீங்க அழாதிய,” என்று சிரித்தார். அவரைச் சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டுக்கு வந்துவிட்டேன். பெனிட்டா மட்டும் அந்த அம்மா பக்கத்தில் குந்தியிருந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

வேலை ஆரம்பித்தது. நாலு பக்கமும் சட்டம் அடித்த ஒரு பிளைவுட் பலகை, மேசை அளவுக்கு. இடது பக்கம் கரை, அதற்குப் பழைய உப்பு. விளாத்திகுளம் பக்கம் கரிசல் என்பதால் அங்கே கரித்தூள் கலந்தாள். எட்டயபுரத்துக்கு ஒரு புளியங்கொட்டை. தீவுகளுக்கு சிப்பித் துண்டு. துறைமுகத்துக்கு முன்னால் நீட்டி நிற்கிற கல் கரைக்குத் தீக்குச்சி. கீழ் ஓரத்தில் ஒரு சிட்டிகை செம்மணல். “இது பெரியப்பா ஊரு,” என்றாள். வலது பக்கம் முழுக்கக் கடல். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் புது உப்பைப் புரட்டி, மொட்டை மாடியில் காயவைத்து, பிடி பிடியாகத் தூவினாள். கரையோரம் வெளிறி, போகப் போகக் கறுத்து, தீவுகளைச் சுற்றி மறுபடி வெளிறி. பதினைந்து நாள். நான் ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்! எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

பெரியப்பா வருவதாகச் சொன்னது சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மதியம் கிழக்கே கறுத்தது. மழை விழவில்லை, காற்று மட்டும் ஈரச் சாக்கு போலக் கனத்துக் கிடந்தது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஷீபாவின் போன். “அண்ணாச்சி, கடல் ஒழுவுது!”

“எந்தக் கடல்?”

“நம்ம கடல்! வாங்க சீக்கிரம்!”

சைக்கிளில் பறந்தேன். பெனிட்டா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “யாரும் தொடாதீர்கள்” என்று அவள் கையெழுத்து. அதைப் படித்தேன். படித்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

வேம்பார் அம்மா சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. கரை அப்படியே இருந்தது, தொட்டால் கொஞ்சம் நமப்பு, அவ்வளவுதான். கடல் மட்டும் முழுக்க இளகி, நீலத் தண்ணீராகச் சட்டத்துக்குள் தேங்கி நின்றது. ஒரு மூலையில் நிலக்கடலைத் தோடு ஒன்று கிடந்தது; யாரோ தின்றுவிட்டுப் போட்டது என்று நினைத்தேன். சட்டத்தின் உள்பக்கம் பென்சில் கோடுகள்.

“ஒம்பதரை பஸ்ல வாராங்க அத்தான்,” என்றாள் ஷீபா. புருஷனின் அண்ணனை அவள் அப்படித்தான் சொல்வாள். அவள் கையில் சீப்பு இருந்தது. தலை பாதி வாரியிருந்தது. “இதக் காட்டினா என்ன சொல்லுவாங்க? ரெண்டு வருசம் படிச்சு ஒரு படத்தக் கூடக் காயவைக்கத் தெரியலன்னு…”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நெருக்கடி என்றால் என் கை எனக்கு முன்னால் ஓடிவிடும். படகு கடலில் இறங்கப்போகிற கடைசி நிமிடத்தில் அழிந்த எழுத்தைச் சரிபண்ணியே பழகிய கை. “பாக்கெட் உப்பு இருக்கா?” என்றேன். இரண்டு பாக்கெட் இருந்தது. “கோலப்பொடி?” நீலம் இருந்தது. தோசைத் திருப்பியால் ஈரக் கடலை மொத்தமாக அள்ளி ஒரு வாளியில் போட்டேன், கடலைத் தோட்டையும் சேர்த்து. பலகையைத் துடைத்தேன், பென்சில் கோட்டையும் சேர்த்து. பாக்கெட் உப்பில் கோலப்பொடியைக் கலந்து தூவினேன். எட்டரைக்கு முடித்துவிட்டேன். அழகு என்றால் அழகு! சும்மா இருக்க முடியாமல் சீப்பை வாங்கி அதன் பல்லால் அலை வேறு போட்டேன். ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முன்னதவிட நல்லா இருக்கு அண்ணாச்சி,” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாளி பின்கட்டுக்குப் போனது. பெனிட்டா எழுந்ததும் ஷீபா அவளைக் குளிக்க அனுப்பி, தலை பின்னி, முன்னறைப் பக்கம் விடாமல் வைத்திருந்தாள். அவள் இரண்டு தடவை, “முன்னால போறேம்மா” என்றாள். “பெரியப்பா வரட்டும்டி” என்று சொல்லி நிறுத்தினோம்.

வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, ஒரு தோல் பை. ஷீபா காப்பி கொண்டுவந்தாள்.

“அதெல்லாம் அப்புறம். ஏளா, இங்க வா. பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு.”

பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“பதிமூணு எட்டு எவ்வளவு?”

விரல்கள் பாவாடைக்குள் அசைந்தன. ரொம்ப நேரம் கழித்து, “நூத்தி நாலு.”

“வண்டி மெதுவாத்தான் வருது,” என்றார் பெரியப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீருதான் படம் சொல்லிக் குடுக்கவரா? எங்க படிச்சீரு?”

“போட்டுக்குப் பேரு எழுதிப் படிச்சேன் சார்.”

“ம்.”

அந்த ‘ம்’ எந்தப் பள்ளிக்கூடத்தையும் அமைதியாக்கிவிடும். ஷீபா அவசரமாக முன்னறைக் கதவைத் திறந்தாள். “அத்தான், புள்ள ஒண்ணு செஞ்சிருக்கா, பாருங்க.”

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கரையைப் பார்த்தார், கரிசலைப் பார்த்தார், கீழே செம்மணலைப் பார்த்து, “இது எங்க ஊரா?” என்றார். குரல் கொஞ்சம் இளகியது போல இருந்தது. எனக்கு உள்ளே மேளம் கொட்டியது. ஜெயித்துவிட்டோம்!

அப்போதுதான் பெனிட்டா அவர் கைக்குக் கீழே புகுந்து வந்து பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கடல் எங்க?”

“இந்தா இருக்குல்லா கண்ணு, நீலமா,” என்றாள் ஷீபா.

“இது நான் போட்ட கடல் இல்ல.”

பெரியப்பா நிமிர்ந்தார். “பெறவு யாரு போட்டது?”

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கப்போகிறீர்கள். இதே வீடு இல்லை, இதே உப்பு இல்லை, ஆனால் இதே இடம். ஷீபாவின் கண் என்னைக் கெஞ்சியது. ‘பிள்ளைக்குப் பயம் சார், உளறுது’ என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் ஹாஸ்டல் நின்றிருக்கும். ஒருவேளை அன்றைக்கே நின்றிருக்கும். ஆனால் எனக்கு ஆறு வார்த்தை மட்டும் தருகிற பிள்ளை, தானாக முன்வந்து நாலு பேர் நடுவில் ஒரு நிஜத்தைச் சொல்லியிருக்கிறது. அதைப் பொய்யாக்கிவிட்டால் அப்புறம் எதற்கு அவளை வீட்டில் வைத்துக்கொள்வது?

“நான் போட்டேன் சார்,” என்றேன். “புள்ள போட்டது ஈரமாயிட்டு. காலைல நான் அள்ளிட்டு இதப் போட்டேன்.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். “இதத்தான் ரெண்டு வருசமாச் சொல்லுதேன். வீட்ல படிப்புன்னா அம்மாக்காரி படிக்கா, வாத்தியார் படம் போடுதாரு. புள்ள எங்க?” குடையை எடுத்துவிட்டார்.

புள்ள அங்கே இல்லை! நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கும்போது பின்கட்டிலிருந்து ‘கரகர’ என்று சத்தம். பெனிட்டா இரண்டு கையாலும் வாளியை இழுத்துக்கொண்டு வருகிறாள். புதுப் பாவாடையெல்லாம் நீலம்.

“பெரியப்பா, போயிராதீங்க! ஒரு நிமிசம்! நேத்துச் சாயங்காலம் கடல் தண்ணி ஆயிட்டு! கரை ஆகல, கடல் மட்டும்! நெசக் கடல் மாதிரி! நீங்க வந்ததும் காட்டணும்னுதான் யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி வச்சேன்!”

நான் அவ்வளவு வார்த்தையை அவள் வாயில் ஒரு மாதத்தில் கேட்டதில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு. நாங்கள் கெட்டுப்போனது என்று நினைத்ததை அந்தப் பிள்ளை முந்தின நாள் சாயங்காலமே பார்த்து, குதித்து, எங்களிடம்கூடச் சொல்லாமல் பெரியப்பாவுக்காக அடக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கடலைத்தான் நான் தோசைத் திருப்பியால் அள்ளியிருக்கிறேன்.

அவள் ஒரு அட்டையை எடுத்து என் கடலை வழித்துத் தள்ள ஆரம்பித்தாள், என் சீப்பு அலையெல்லாம் போக. குற்ற உணர்ச்சியில் நானும் உதவக் கையை நீட்டினேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

“மாமா, கைய கட்டுங்க.”

கட்டினேன். பின்னால், பள்ளிக்கூடப் பையனைப் போல. பெரியப்பா என்னைப் பார்த்தார். அவர் மீசை ஒரு பக்கம் துடித்தது.

வாளியிலிருந்து தண்ணீர்க் கடல் மறுபடி பலகைக்கு வந்தது. அதிலிருந்து அந்தக் கடலைத் தோட்டைப் பொறுக்கித் துடைத்து வேம்பாருக்கு எதிரே விட்டாள். குப்பை இல்லையாம், வள்ளமாம்! அது மிதந்தது! மெதுவாகச் சுற்றித் தீக்குச்சித் துறைமுகத்தில் போய் முட்டி நின்றது. 

“கோடு போட்டிருந்தேன்,” என்றாள் சட்டத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு. “தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு. யாரோ அழிச்சிட்டாங்க.”

யார் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

“ஆனா எழுதியும் வச்சேன்.” கதவில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துத் திருப்பி நீட்டினாள். யாரும் தொடாதீர்கள் என்பதற்குப் பின்பக்கம். பெரியப்பா மறுபடி கண்ணாடியை மாட்டி, சத்தமாகவே படித்தார்.

“ஆறு மணி, வேம்பார் பக்கம் மட்டும் ஈரம். ஏழு மணி, தீவு வரை ஈரம். எட்டு மணி, துறைமுகம் வந்துவிட்டது. கரை ஈரம் இல்லை. கசக்கிற உப்பு அழுகிறது. கசக்காத உப்பு அழவில்லை.” நிறுத்தினார். “கசக்குற உப்பா? உப்பு எங்கயாச்சும் கசக்குமாளா?”

“கசக்கும் பெரியப்பா. வேம்பார்ல அந்த அம்மா நாக்குல வச்சுப் பாக்கச் சொன்னாங்க. புது உப்பு கடைசில கசக்கும். பழசு கசக்காது. மழைல கசப்பு எல்லாம் ஓடிருமாம்.”

பஸ்ஸைப் பார்க்க நான் ரோட்டுக்குப் போன அந்த ஐந்து நிமிடம்!

அலமாரியில் நீலம் கலக்காமல் மிச்சம் வைத்திருந்த பழைய உப்பு, புது உப்பு பாட்டில்கள் இரண்டையும் அவள் கொண்டுவந்தாள். பெரியப்பா புது உப்பில் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. ஷீபா ஒரு கல் எடுத்தாள். நான் கையைக் கட்டியபடியே நின்றதால் பெனிட்டாவே என் வாயில் ஒரு கல்லைப் போட்டாள். கசந்தது! வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருந்து, இந்த உப்பைத் தின்று, அறுபது வயதில் எனக்குத் தெரிகிறது! நாங்கள் மூன்று பெரியவர்கள் உப்பு நக்கிக்கொண்டு நிற்க, அவள் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எறும்பு வரிசையைப் பார்த்த அதே பார்வை.

“சரி, கசக்குது,” என்றார் பெரியப்பா. “கசக்குற உப்பு மட்டும் ஏன் தண்ணி விடுது?”

“தெரியல பெரியப்பா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாய்ப்பாட்டில் தடுமாறியவள் இதிலும் போனாள் என்று நினைத்தேன்.

“எனக்கும் தெரியல,” என்றார் அவர். “நான் வரலாறு.” குடையைக் கதவோரம் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “கண்டுபிடிச்சு எனக்குக் கடுதாசி எழுதணும். அம்மா எழுதக் கூடாது, நீ எழுதணும். ஹாஸ்டல்ல இருந்தா பக்கத்துத் தெருவுக்கு எவ கடுதாசி எழுதுவா? அதனால இங்கயே இரி. உங்கப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்.” பிறகு விரலை உயர்த்தினார். “பதிமூணாம் வாய்ப்பாடும் வேணும். அதுல சலுகை கெடையாது.”

ஷீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன நிக்க? அந்தக் காப்பியக் கொண்டா. சீனி கூடப் போடு, வாயெல்லாம் கசக்கு.”

கிளம்பும்போது படியில் நின்று என்னிடம் சொன்னார். “நீரு நல்லா வரையுதீருவே. அந்த அலையெல்லாம் பிரமாதம்.” நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். “அதான் ஆபத்து. இனி வரையாம இரும்.” அன்றைக்கு வீட்டுக்கு வந்து காலண்டரில் இரண்டு தாள் கிழித்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு.

கடுதாசி போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது: உப்போடு ஒட்டியிருக்கிற அந்தக் கசப்புதான் காற்றின் ஈரத்தை இழுக்கிறதாம். நடுவில் ஒரு நாள் வேம்பாருக்குப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “எனக்குத் தெரியும், நீங்க கேக்க மாட்டியன்னு. அதனாலதான் அந்தப் புள்ள கிட்டச் சொன்னேன்.”

உங்களுக்கு நான் வேறென்ன சொல்ல? பிள்ளையின் வேலை உங்கள் கண்ணுக்குக் கெட்டுப்போனதாகத் தெரிகிற நேரம் வரும். வாசலில் ஒரு ஹெட்மாஸ்டர் வந்துகொண்டிருப்பார், ஒரு தாய் பாதி வாரிய தலையோடு உங்களைப் பார்ப்பாள், கை பரபரக்கும். அப்போது பிள்ளையை எழுப்புங்கள். எழுப்பி, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். அவ்வளவுதான். அன்று காலை நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், மற்ற எதுவும் தேவைப்பட்டிருக்காது.

தை பிறந்து காற்று காய்ந்ததும் அந்தக் கடல் தானாகவே மறுபடி உப்பாகியது. சட்டத்தில் தண்ணீர் நின்ற உயரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. நான் அழித்த பென்சில் கோடு நின்ற அதே உயரம். கடலைத் தோடு நடுக்கடலில் பதிந்துபோய் நின்றது. பலகை இன்றைக்கும் அவர்கள் முன்னறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அழுது, ஒவ்வொரு தையிலும் காய்கிறது.

என் கடலும் இருக்கிறது. அன்றைக்கு அவள் வழித்துத் தள்ளிய பாக்கெட் உப்பைக் கீழே கொட்டாமல் மூடியில்லாத ஒரு பாட்டிலில் போட்டு, அடுத்த வாரம் என்னிடம் கொடுத்தாள். என் மேசையில்தான் இருக்கிறது, அடுத்த முறை வரும்போது பாருங்கள். எத்தனையோ மழை பார்த்துவிட்டது; ஒரு துளிகூட இளகவில்லை. மேலே அவள் கையால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்:

“மாமா போட்ட கடல். இதில் ஒன்றும் நடக்காது.”